விளக்குக்கு எண்ணெய் யார் கணக்கில்?

(நிதிநல்கையில் இயங்கும் தொண்டு நிறுவனங்கள், ஆய்வு நிறுவனங்கள் ஆகியவற்றின் நிர்வாகச் செலவும் வெளிப்படைத்தன்மையும் பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அப்போது அந்தக் கோயிலைச் சார்ந்து ஒரு பாடசாலையும் மாணவர் விடுதியும், வீரசோழன் பெயரில் ஓர் ஆதுலர்சாலையும் நடந்தன. ஆதுலர்சாலையில் 15 படுக்கைகள். மருத்துவருக்கும் அறுவை செய்பவருக்கும் ஆண்டுக்கு எவ்வளவு என்று நிவந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். அதே பட்டியலில், அதே கல்லில், மூலிகை கொண்டுவருவோருக்கும், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கும், முடிதிருத்துபவருக்கும், தண்ணீர் சுமப்பவருக்கும் எழுதியிருக்கிறார்கள். இரவில் எரிய வேண்டிய விளக்குக்கான எண்ணெயும் கணக்கில் இருக்கிறது.

எது மருத்துவம், எது நிர்வாகம் என்று அந்தக் கல்வெட்டு கூறுபோடவில்லை. 15 படுக்கைகள் நடக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் பட்டியலில் வந்துவிட்டன; பட்டியல் ஊரார் கண்ணில் படுகிற சுவரில் ஏறிவிட்டது.

இன்று ஒரு தொண்டு நிறுவனத்திடம் நன்கொடையாளர் முதலில் கேட்பது இதைத்தான்: "நூறு ரூபாய் கொடுத்தால் அதில் எவ்வளவு மக்களுக்குப் போய்ச் சேரும்?" நியாயமான கேள்வி. கேட்கும் உரிமை கொடுப்பவருக்கு உண்டு. விடை சொல்லும் கடமை வாங்குபவருக்கு உண்டு. ஆனால் விடையை ஒற்றை எண்ணில் எதிர்பார்த்துப் பழகியதால், அமெரிக்கா முதல் இந்தியா வரை அரசுகளும் அறக்கட்டளைகளும் ஒரே சுழலில் சிக்கியிருக்கின்றன. செலவுக்கு உச்சவரம்பு விதிக்கிறார்கள். வரம்புக்குள் அடங்காத செலவு வேறு தலைப்பில் போய் ஒளிந்துகொள்கிறது. ஒளிந்தது ஒருநாள் அம்பலமாகிறது. உடனே இன்னும் இறுக்கமான வரம்பு வருகிறது. வரம்பைக் கூட்டியோ குறைத்தோ இந்தச் சுழலை விட்டு வெளியேற முடியாது, கணக்கை எவரும் படிக்கும்படி விரித்து வைத்தால்தான் முடியும் என்பதே இந்தச் சொற்பொழிவின் வாதம்.

பொது மோட்டாரின் கணக்கு

ஓர் ஆய்வுத் திட்டத்துக்கு இரண்டு வகைச் செலவுகள் உண்டு. ஆய்வு உதவியாளரின் சம்பளம், வேதிப்பொருள், களப்பயணம் ஆகியவை நேரடிச் செலவு. எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்று ரசீதைப் பார்த்தே சொல்லிவிடலாம். கட்டடம், மின்சாரம், மைனஸ் 80 டிகிரியில் மாதிரிகளைக் காக்கும் உறைபெட்டி நிற்காமல் ஓடுவதற்கான ஜெனரேட்டர், நூலகம், நெறிமுறைக் குழு, ரசாயனக் கழிவை அகற்றுதல், கொள்முதல் பிரிவு, கணக்காளர், தணிக்கை ஆகியவை மறைமுகச் செலவு. இவை ஒரே நேரத்தில் பத்துத் திட்டங்களுக்கு உழைக்கின்றன.

அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணம் இப்படிப்பட்டதுதான். தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் காவலாளிக்கும் ஆகும் செலவை வீட்டின் சதுர அடிக்கு ஏற்பப் பிரித்துக்கொள்கிறார்கள். எந்த வாளித் தண்ணீர் எந்த வீட்டுக்குப் போனது என்று யாரும் எண்ணுவதில்லை. பிரிக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், மாதக் கணக்கு அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்கிறார்கள். நிதிநல்கை உலகில் சிக்கல் எழுவதெல்லாம் இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் போகும்போதுதான்.

போர்க்காலத்தில் பிறந்த ஏற்பாடு

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ராணுவத்துக்கு வேண்டிய ஆய்வுகளைப் பல்கலைக்கழகங்களிடம் ஒப்படைத்தது. அதற்கான அமைப்பை நடத்தியவர் வானெவர் புஷ். பல்கலைக்கழகங்கள் இந்த வேலையால் நட்டப்படவும் கூடாது, லாபம் பார்க்கவும் கூடாது என்பது அன்றைய கொள்கை. போர் முடிந்த பிறகு, 1947இல் கடற்படை ஆய்வு அலுவலகம் மறைமுகச் செலவைக் கணக்கிடும் நெறிமுறைகளை வகுத்தது. 1958இல் அது அரசு முழுமைக்குமான சுற்றறிக்கையானது.

மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் தேசிய சுகாதார நிறுவனங்கள் அமைப்பு மட்டும் வேறு வழியில் போயிற்று. 1950களில் நேரடிச் செலவில் 8 விழுக்காட்டுக்கு மேல் மறைமுகச் செலவு கிடையாது என்றது. 1958இல் அதை 15 ஆக்கியது. 1963இல் 20 ஆக்கியது. எந்த எண்ணும் உண்மைச் செலவுக்கு ஒத்துவரவில்லை. 1960களின் நடுவில் வரம்பையே கைவிட்டு, ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் கணக்கையும் பார்த்து அதற்கென ஒரு விழுக்காட்டைப் பேசி முடிவுசெய்யும் முறைக்கு வந்தது.

நேர்மையான முறைதான். ஆனால் அதற்குள் ஒரு குறை இருந்தது. பேசி முடிவுசெய்தவர்கள் அரசு அலுவலர்களும் பல்கலைக்கழகக் கணக்கர்களும். வரி கட்டுகிறவருக்குத் தெரிந்ததெல்லாம் கடைசியில் வரும் எண் ஒன்றுதான்.

ஸ்டான்ஃபோர்டின் படகு

1990 வாக்கில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மறைமுகச் செலவு விழுக்காடு 74 வரை ஏறியிருந்தது. அங்கே கடற்படை ஆய்வு அலுவலகத்தின் பிரதிநிதியாக இருந்த பால் பிடில் கணக்குகளைக் கிளறத் தொடங்கினார். 1991 மார்ச்சில் ஜான் டிங்கல் தலைமையிலான நாடாளுமன்ற உட்குழு பல்கலைக்கழகத் தலைவர் டொனால்டு கென்னடியை வரவழைத்து விசாரித்தது. பாய்மரப் படகின் தேய்மானம், தலைவர் இல்லத்துக்கான படுக்கை விரிப்புகள், மலர் அலங்காரம், பழங்கால மரச்சாமான் எல்லாம் ஆராய்ச்சியின் மறைமுகச் செலவுக் குவியலுக்குள் போயிருந்தது தெரியவந்தது. படகு விஷயம் கணக்குப் பிழை என்றது பல்கலைக்கழகம். நாட்டுக்கு அது போதவில்லை. விழுக்காடு 55.5க்கு இறக்கப்பட்டது. கென்னடி பதவி விலகுவதாக அறிவித்தார்.

கதையின் பின்பாதி செய்தித்தாள்களில் அவ்வளவு பெரிதாக வரவில்லை. 1994இல் அரசுடனான தகராறு சமரசத்தில் முடிந்தது. கோடிக்கணக்கில் பேசப்பட்ட பாக்கிக்குப் பதில் ஸ்டான்ஃபோர்டு கட்டியது 12 லட்சம் டாலர். முறைகேட்டுக் குற்றச்சாட்டை அரசு கைவிட்டது. அதற்குள் விதி மாறிவிட்டது. 1991இலேயே பல்கலைக்கழகங்களின் நிர்வாகப் பகுதிச் செலவுக்கு 26 விழுக்காடு என்று உச்சவரம்பு போட்டார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் மூடிய கணக்குக்கான தண்டனை எல்லாப் பல்கலைக்கழகங்கள் மீதும் விழுந்தது. கணக்கு மட்டும் பழையபடி பொதுமக்களுக்குப் புரியாமலே இருந்தது.

15 விழுக்காட்டு ஆணை

அந்தப் புரியாமைக்கான விலை 2025இல் கேட்கப்பட்டது. பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. எல்லா நிறுவனங்களுக்கும் இனி 15 விழுக்காடுதான் என்று தேசிய சுகாதார நிறுவனங்கள் அறிவித்தது. அடுத்த திங்கள் முதலே அமல். ஹார்வர்டு 69 விழுக்காடு வாங்குகிறது, யேல் 67.5 வாங்குகிறது என்ற எண்கள் சமூக ஊடகங்களில் பரவின. நூறு டாலர் கொடுத்தால் 69 டாலரை நிர்வாகம் விழுங்குகிறது என்றுதான் பலரும் புரிந்துகொண்டார்கள்.

உண்மையில் அந்த விழுக்காடு நேரடிச் செலவின் மேல் வைக்கப்படுவது. நேரடிச் செலவு 100 என்றால் மறைமுகச் செலவு 69, மொத்தம் 169. ஆக, மொத்தத்தில் அதன் பங்கு சுமார் 41. அதுவும் முழு 100க்கும் கிடைப்பதில்லை. பெரிய கருவிகள், மாணவர் கல்விக் கட்டணம், பிற நிறுவனங்களுக்குப் பிரித்துத் தரும் தொகையின் பெரும்பகுதி ஆகியவற்றைக் கழித்த பிறகே விழுக்காடு போடுவார்கள். அறிவிப்பு தந்த கணக்கிலேயே 2023 நிதியாண்டின் 3,500 கோடி டாலரில் மறைமுகச் செலவு 900 கோடி. நூற்றுக்கு 26 அளவில்தான் வருகிறது. இந்த எளிய கூட்டல் கழித்தலை அரை நூற்றாண்டாக மக்களுக்குச் சொல்லாமல் இருந்தது பல்கலைக்கழகங்களின் தவறு.

தனியார் அறக்கட்டளைகள் 10, 15 விழுக்காடுதானே தருகின்றன என்பது இன்னொரு வாதம். அந்த அறக்கட்டளைகள் பலவும் இடவாடகை போன்ற செலவுகளை நேரடிச் செலவாகவே காட்ட அனுமதிக்கின்றன. அரசு விதி அவற்றை மறைமுகச் செலவில் வைக்கிறது. வெவ்வேறு அளவுகோலில் அளந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துக் குறைவானதைச் சிக்கனம் என்று மெச்ச முடியாது.

மாநிலங்களும் பல்கலைக்கழகங்களும் நீதிமன்றம் போயின. மாசசூசெட்ஸ் மாவட்ட நீதிமன்றம் ஆணையை முதலில் தற்காலிகமாகவும் ஏப்ரலில் நிரந்தரமாகவும் தடுத்தது. 2017இல் இதேபோல் ஒரு வெட்டு முன்மொழியப்பட்டபோது, பேசி முடிவுசெய்த விழுக்காடுகளை மாற்றக் கூடாது என்று நாடாளுமன்றம் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தது முக்கியமான காரணம்.

வழக்கில் வென்ற கையோடு பல்கலைக்கழகச் சங்கங்கள் ஒன்றாக உட்கார்ந்து புதிய மாதிரி ஒன்றை உருவாக்கின. குழுவை வழிநடத்தியவர் கெல்வின் டுரோகமையர். மொத்தமாக ஒரு விழுக்காடு போடுவதை விட்டு, இந்தத் திட்டத்துக்கு ஆய்வுக்கூட வசதி இவ்வளவு, பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்க இவ்வளவு, பொது நிர்வாகத்துக்கு இவ்வளவு என்று வரிவரியாகக் காட்டுவது அதன் சாரம். நெருக்கடி வந்த பிறகு செய்ததை 1991இலேயே செய்திருந்தால் பிப்ரவரி 7 அறிவிப்புக்கு மக்களிடம் இத்தனை ஆதரவு இருந்திருக்குமா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

பிரிட்டனும் ஐரோப்பாவும்

பிரிட்டனில் ஆய்வு மன்றங்கள் ஒருகாலத்தில் பணியாளர் சம்பளத்தில் 46 விழுக்காட்டை மறைமுகச் செலவாகத் தந்துவந்தன. அது போதாமல் ஆய்வுக்கூடங்கள் பழுதடைந்தன. 1990களின் இறுதியில் அரசும் வெல்கம் அறக்கட்டளையும் கட்டடங்களைச் சீராக்கத் தனி நிதி ஒதுக்க வேண்டி வந்தது. அதே காலத்தில் அரசு பல்கலைக்கழகங்களிடம் உங்கள் உண்மைச் செலவைக் காட்டுங்கள் என்றது. அப்படிப் பிறந்ததுதான் டிராக் என்ற வெளிப்படைச் செலவுக் கணக்கு முறை. பேராசிரியர்கள் கற்பித்தலுக்கு எவ்வளவு நேரம், ஆய்வுக்கு எவ்வளவு நேரம் என்று பதிவுசெய்கிறார்கள். கட்டடச் செலவும் நிர்வாகச் செலவும் அந்த விகிதத்தில் பிரிகின்றன. 2005 முதல் முழுச் செலவில் 80 விழுக்காட்டை ஆய்வு மன்றங்கள் தருகின்றன. எஞ்சியதைப் பல்கலைக்கழகம் போட வேண்டும்.

இதனால் பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் பணக்கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. ஆய்வுக்காகச் செலவிடுவது முழுவதும் அவற்றுக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. வெளிநாட்டு மாணவர்களின் கட்டணத்தைக் கொண்டு ஈடுகட்டுகின்றன. ஆனால் அந்தப் பள்ளம் எவ்வளவு என்று ஆண்டுதோறும் வெளியாகும் அறிக்கையில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விவாதம் எண்களின் மேல் நடக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் எளிய வழியைத் தேர்ந்தது. 2014இல் தொடங்கிய ஹொரைசன் 2020 திட்டத்திலிருந்து எல்லோருக்கும் நேரடிச் செலவில் 25 விழுக்காடு. கணக்குப் பார்க்கும் வேலை குறைந்தது. விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் வைத்திருப்பவருக்கு அது போதாது, மேசையும் கணினியும் மட்டும் வைத்து ஆய்வு செய்பவருக்குத் தாராளம். எளிமைக்கு அவர்கள் தெரிந்தே கொடுக்கும் விலை அது.

இந்தியாவில் மூன்று வரம்புகள்

இந்தியாவில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து வரம்பு மாறுகிறது.

முதலாவது அயல்நாட்டு நிதி. 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் நிர்வாகச் செலவுக்கு 50 விழுக்காடு வரை இடம் தந்தது. 2020 செப்டம்பர் திருத்தம் அதை 20 ஆகக் குறைத்தது. ஒரு கோடி ரூபாய் பெறும் அமைப்பு 50 லட்சம் வரை நிர்வாகத்துக்குச் செலவிட முடிந்தது போய், 20 லட்சத்துக்குள் நிற்க வேண்டியதாயிற்று. நிர்வாகச் செலவு எது என்று விதிகளில் பட்டியல் இருக்கிறது. வாடகை, மின்சாரம், வாகனப் பராமரிப்பு, கணக்கு வைக்கும் செலவு, சட்ட மற்றும் தொழில்முறைக் கட்டணம், அறிக்கை எழுதித் தாக்கல் செய்யும் செலவு எல்லாம் அதில் அடக்கம். மருத்துவமனையின் மருத்துவர் சம்பளத்துக்கும் பள்ளியின் ஆசிரியர் சம்பளத்துக்கும் விலக்கு உண்டு.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். அறிக்கை தாக்கல் செய்வதே நிர்வாகச் செலவு. அதே திருத்தம் அயல்நிதி பெறும் ஒவ்வொரு அமைப்பும் புதுடெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்குத் தொடங்க வேண்டும் என்றது. ஆண்டறிக்கைப் படிவம், தணிக்கையாளர் சான்று, வருமான வரித் துறைக்கு நன்கொடையாளர் பட்டியல், கம்பெனி நிதி பெறுவதற்குத் தனிப் பதிவு என்று வேலை கூடிக்கொண்டே போகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கர் உட்கார வேண்டும். கணக்குக் கேட்பது கூடுகிறது. கணக்கு எழுதுபவருக்குச் சம்பளம் கொடுக்கும் வரம்பு குறைகிறது.

இரண்டாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2021 ஜனவரியில் திருத்திய விதிப்படி நிர்வாக மேல்செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இந்த 5, கம்பெனி தன் சொந்த அலுவலகத்தில் அந்தப் பணிக்காகச் செய்யும் பொது நிர்வாகச் செலவுக்கானது. களத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தின் செலவுக்கு அது பொருந்தாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் அதே ஆண்டு ஆகஸ்டில் விளக்கம் தந்தது. விளக்கம் வந்தும் பழக்கம் மாறுவது எளிதாக இல்லை. தனக்குரிய வரம்பைத் தொண்டு நிறுவனத்தின் மேல் கம்பெனி ஏற்றினால், சிறிய அமைப்பால் எதிர்த்துப் பேச முடிவதில்லை.

மூன்றாவது அரசின் ஆய்வு நல்கை. அறிவியல் தொழில்நுட்பத் துறை சார்ந்த திட்டங்களில் நிறுவனத்துக்கான மேல்செலவு 10 விழுக்காட்டை ஒட்டியே இருந்துவந்திருக்கிறது. திட்டம் பெரிதானால் ரூபாயில் உச்சவரம்பு. அந்தப் பணம் நூலகத்துக்குப் போனதா, கட்டட வெள்ளையடிப்புக்குப் போனதா என்று திட்டத்தை வாங்கி வந்த ஆய்வாளருக்கே பல இடங்களில் தெரிவதில்லை.

உண்மைச் செலவு எவ்வளவு? பிரிட்ஜ்ஸ்பான் அமைப்பு இந்தியத் தொண்டு நிறுவனங்களின் கணக்குகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவின்படி மறைமுகச் செலவு 5 விழுக்காட்டிலிருந்து 51 வரை விரிகிறது. நடு அளவு 19. பழங்குடி ஊர்களுக்கு மருத்துவ வண்டி அனுப்பும் அமைப்புக்கும் நகரத்தில் மென்பொருள் வழியே பாடம் நடத்தும் அமைப்புக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதை இந்த விரிவே காட்டுகிறது. பொருந்தாத அளவைத் திணித்தால் என்ன நடக்கும் என்பது தொண்டுத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். கணக்காளரின் பாதிச் சம்பளம் ஒரு திட்டத்தில் 'ஒருங்கிணைப்பாளர்' என்ற பெயரில் ஏறும். வாடகை 'பயிற்சி மையம்' ஆகும். யாரும் பணத்தைத் திருடவில்லை. ஆனால் எழுதிய கணக்கு உண்மைச் செலவைச் சொல்லவும் இல்லை. நேர்மையான அமைப்பை இப்படி எழுதவைப்பதுதான் வரம்பு செய்யும் பெரிய கேடு. 2009இல் ஆன் காகின்ஸ் கிரகரி, டான் ஹோவர்டு இருவரும் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களில் கண்டு எழுதியதும் இதையே. நல்கையாளர் குறைவாக எதிர்பார்க்கிறார், அமைப்பு குறைத்துக் காட்டுகிறது, குறைத்துக் காட்டியதைப் பார்த்து நல்கையாளர் இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார்.

குறைந்த விழுக்காடும் பொய் சொல்லும்

வரம்பு இல்லையென்றால் ஏமாற்றுக்காரர்கள் கொழுத்துவிட மாட்டார்களா? இந்த அச்சம் வெறும் கற்பனை இல்லை. 2015 மே மாதம் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையமும் 50 மாநிலங்களும் சேர்ந்து, புற்றுநோயாளிகள் பெயரில் நன்கொடை திரட்டிய நான்கு அமைப்புகள் மேல் வழக்குத் தொடர்ந்தன. 2008 முதல் 2012 வரை 18.7 கோடி டாலர் திரட்டியவை அவை. நோயாளிகளுக்குப் போனது சொற்பம். பெரும்பகுதி நடத்தியவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நிதி திரட்டும் கம்பெனிகளுக்கும் போயிற்று.

அந்த அமைப்புகளின் ஏட்டுக் கணக்கைப் பார்த்தால் அவ்வளவு மோசமாகத் தெரியாது. வெளிநாடுகளுக்கு அனுப்பியதாகச் சொன்ன பொருள் நன்கொடையை 22 கோடி டாலருக்கு மேல் மதிப்பிட்டு எழுதி, நிர்வாகச் செலவின் விகிதத்தைச் சிறிதாக்கிக் காட்டியிருந்தார்கள். விழுக்காட்டை மட்டும் பார்க்கிற நன்கொடையாளரை ஏமாற்றுவது அவ்வளவு எளிது. ஆண்டுக்கு எத்தனை நோயாளிகளுக்கு என்ன கொடுத்தீர்கள், பொருளின் மதிப்பை யார் நிர்ணயித்தார்கள், இயக்குநர் குடும்பத்தில் எத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை பொதுவெளியில் இருந்திருந்தால் அது முடிந்திருக்காது.

மக்களின் மனப்பாங்கைப் பற்றியும் ஆய்வு உண்டு. யூரி நீசியும் இரு சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட சோதனையில் 40,000 பேருக்கு நன்கொடைக் கடிதம் போயிற்று. நிர்வாகச் செலவை இன்னொரு கொடையாளர் ஏற்றுக்கொண்டார், உங்கள் பணம் முழுதும் பணிக்கே போகும் என்று சொன்ன கடிதத்துக்குக் கிடைத்த தொகை, சாதாரணக் கடிதத்துக்குக் கிடைத்ததைப் போல மூன்று மடங்கை நெருங்கியது. தன் பணம் எங்கே போகிறது என்று தெளிவாகத் தெரிந்தால் மக்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். நிர்வாகத்துக்கும் ஒருவர் மனமுவந்து கொடுக்கத்தான் வேண்டும் என்பதும் அந்தச் சோதனைக்குள் இருக்கிறது. ஃபோர்டு அறக்கட்டளை 2015இல் தன் திட்ட நல்கைகளின் மறைமுகச் செலவை 10 விழுக்காட்டிலிருந்து 20க்கு உயர்த்தியபோது, பழைய அளவு உண்மைக்கு ஒவ்வாதது என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பெரிய கொடையாளர் ஒருவர் அப்படிச் சொன்னது மற்றவர்களுக்கும் பேசத் துணிவு தந்தது.

என்ன வெளியிட வேண்டும்

நல்கை பெறும் நிறுவனம் ஆண்டறிக்கையோடு இரண்டு பக்கம் சேர்த்தால் போதும். முதல் பக்கத்தில் மறைமுகச் செலவின் பட்டியல்: வாடகை, மின்சாரம், கணக்கு, தணிக்கை, தலைமைப் பணியாளர் சம்பளம் என்று ரூபாயில். அடுத்து, அந்தச் செலவை எந்த அடிப்படையில் திட்டங்களுக்குப் பிரித்தது, பணியாளர் நேரமா, இடத்தின் அளவா, செலவின் விகிதமா என்று இரண்டு வரி விளக்கம். இரண்டாம் பக்கத்தில் நல்கையாளர்வாரியாக யார் எவ்வளவு மறைமுகச் செலவு தந்தார், உண்மையில் எவ்வளவு ஆயிற்று, பள்ளத்தை எந்தப் பணத்தால் மூடியது என்ற விவரம். விழுக்காடு போட்டால் எதன் மேல் போட்டது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். நாற்பது லட்ச ரூபாய் வரவு செலவு உள்ள அமைப்புகூடத் தன் தணிக்கையாளரோடு உட்கார்ந்து இதைச் செய்துவிடலாம்.

கொடுப்பவருக்கும் கடமை உண்டு. நல்கையாளர் ஒவ்வொருவரும் எந்தெந்தச் செலவை நேரடி என்று ஏற்கிறார், எதை மறைமுகம் என்கிறார், எவ்வளவு தருகிறார் என்பதைத் தன் விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிட வேண்டும். தான் கேட்கும் அறிக்கைக்கும் தணிக்கைக்கும் ஆகும் செலவைத் தானே ஏற்க வேண்டும். அயல்நிதிச் சட்டத்தின் 20 விழுக்காட்டுக் கணக்கிலிருந்து, சட்டமே கேட்கும் அறிக்கைகளின் செலவை நீக்குவது நியாயமான முதல் திருத்தமாக இருக்கும்.

ஆய்வுத் துறையில் இதற்கு ஏற்ற நேரம் வந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை புதிய அமைப்பு. அதன் நடைமுறைகளில் பலவற்றை இன்னும் செதுக்க இடம் இருக்கிறது. மேல்செலவாகப் பெற்ற தொகையை எதற்குச் செலவிட்டது என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஐஐடியும் கல்லூரியும் ஆண்டுக்கு ஒருமுறை தன் ஆய்வாளர்களுக்கும் பொதுமக்களுக்கும் காட்ட வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை நல்கை ஆணையில் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மூன்று, நான்கு ஆண்டுகள் அந்தக் கணக்கு சேர்ந்தால், 10 விழுக்காடு போதுமா என்ற கேள்விக்கு இந்தியாவின் சொந்த எண்களிலிருந்தே விடை கிடைக்கும். மருத்துவ ஆய்வுக்கூடத்துக்கு ஓர் அளவும் சமூக அறிவியல் களஆய்வுக்கு ஓர் அளவும் தேவைப்பட்டால், அதை நிதியமைச்சகத்திடம் எடுத்துச் சொல்லும் ஆவணமும் அப்போது கையில் இருக்கும்.